பூட்டு என்று எழுதிய வீடு

தண்ணீர் கேனின் குழாயை யாரோ சரியாக மூடவில்லை. தங்கபுஷ்பம் வந்து பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து இருநூற்றுப் பதினாறு சொட்டு விழுந்துவிட்டது. கணக்குப் பார்க்க வேண்டும் என்று நினைத்து அவள் எதையும் பார்ப்பதில்லை. கண் போகிற இடத்துக்குக் கணக்கும் கூடவே போய்விடும், சிறு வயதிலிருந்தே அப்படித்தான், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, இது நிற்கவில்லை. கேனுக்குக் கீழே ஒரு பழைய பெயிண்ட் வாளி. அதில் நாலு விரல்கடைத் தண்ணீர். போன வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வந்தபோதும் இந்த வாளி இங்கேதான் இருந்தது, இதே அளவு தண்ணீரோடு. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஏழு நாள். கொசு பிறக்க ஏழு நாள் போதும். எழுந்து போய்க் குனிந்து பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நகராட்சி சுகாதாரப் பிரிவு வராண்டாவில் பத்துப் பேர் பார்க்க, ஆபீஸ் வாளிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதா என்று கூச்சமாக இருந்தது. கூச்சம். அந்தச் சொல் வந்ததும் அவள் மடியிலிருந்த நோட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷமாக இதே மாதிரி நோட்டுதான். ஒன்பதாம் வார்டில் ஒரு நாளைக்கு ஐம்பது வீடு. தொட்டி, டிரம், ஆட்டுக்கல் குழி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, தேங்காய்ச் சிரட்டை, எதில் தண்ணீர் நின்றாலும் குனிந்து பார்த்து, கொசுப்புழு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர், வீடு பூட்டியிருந்தால் பூட்டு என்று கட்டத்தில் எழுத வேண்டும். சாயங்காலம் அந்தக் கணக்கு இந்த ஆபீசுக்கு வரும், இங்கிருந்து மாவட்டத்துக்குப் போகும், அங்கிருந்து சென்னைக்குப் போகும். போன கணக்கு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. இன்றைக்கு வந்திருக்கிறது. சென்னையிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் கண்ணாடி போட்ட ஒருத்தரும் வந்து அந்த அறைக்குள் உட்கார்ந்து, வார்டு வார்டாகக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். இத்தனை வருஷம் வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதியதில் காய்ச்சல் குறைந்ததா, இல்லையா. அதைக் கண்டுபிடிக்க வந்திருக்கிறார்களாம். உள்ளே எட்டாம் வார்டு முத்துச்செல்வி. அடுத்தது இவள்.

சுகாதார ஆய்வாளர் தனசேகர் அறையிலிருந்து வெளியே வந்து, கையிலிருந்த பைலால் முகத்துக்கு விசிறிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். "டீ குடிச்சீங்களா புஷ்பம்மா?" "ஆச்சு சார்." "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும். நீங்களா ஒண்ணும் எடுத்துக் குடுக்காதீங்க. நோட்டை நீட்டுங்க, அதுவே பேசும். உங்க வார்டுதான் இன்னைக்கு நம்ம மானத்தைக் காப்பாத்தப் போகுது." அவள் தலையாட்டினாள். நல்ல மனுஷர். கட்டத்தில் போட்டதைக் குறைத்துப் போடச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை, மற்ற வார்டுகளில் கேட்டிருக்கிறார், இவளிடம் கேட்டதில்லை. புஷ்பம்மா நோட்டு பஞ்சாயத்துல வெச்சாலும் நிக்கும் என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார், அன்றைக்கு அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நோட்டுதான் இது. கடைசிப் பக்கத்துக்குள் அவள் கட்டைவிரல் இருந்தது, நெடுநேரமாக, பக்கம் வியர்வையில் நைந்துபோகிற அளவுக்கு. விரலை எடுத்தால் பக்கம் மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் மற்ற நோட்டுகளைப் போல இதுவும் ஒரு நோட்டு. இருநூற்று முப்பது. முப்பத்தொன்று. சொட்டு விழும்போது வாளித் தண்ணீர் நடுங்கி வட்டம் வட்டமாக ஓரத்துக்குப் போகிறது. நீல டிரம்மிலும் அப்படித்தான் போயிருக்கும். அந்தப் பிள்ளை சிவப்பு மக்கை முக்கி எடுக்கிறபோதெல்லாம்.

வண்டிப்பேட்டைத் தெரு, பதினாலாம் நம்பர். அந்தத் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை முறை. அக்டோபரில் மழை பிடித்த வாரம், ஞாயிற்றுக்கிழமை வேலுத்தாயின் மாமனார் இறந்துபோனார். செவ்வாய்க்கிழமை மூன்றாம் நாள். வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, துஷ்டி கேட்க வந்தவர்களின் செருப்பு இருபத்தேழு ஜோடி. வருகிறவர்கள் கால் கழுவுவதற்கு வாசல் ஓரத்தில் ஒரு நீல டிரம் நிறையத் தண்ணீர். டிரம்முக்குப் பக்கத்தில் வேலுத்தாயின் மகள் லோகிதா, ஏழு வயது, யாரோ கொடுத்த வேலையைப் பெரிய மனுஷி மாதிரி செய்துகொண்டு, ஒவ்வொருத்தர் காலிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கதவு விரியத் திறந்திருந்தது. எழவு வீட்டுக் கதவை யாராவது சாத்துவார்களா. தெருவிலிருந்தே கூடம் தெரிந்தது, கூடத்தில் விளக்கு தெரிந்தது, விளக்குப் பக்கத்தில் சொம்புத் தண்ணீர் தெரிந்தது, சுற்றி உட்கார்ந்திருந்த பொம்பளைகளின் முதுகு தெரிந்தது. லோகிதா இவளைப் பார்த்து, "கொசு ஆச்சி, உள்ள வரலையா?" என்றாள். "அப்புறமா வாரேன் தாயி." அவ்வளவுதான் பேச்சு. கட்டத்தில் பூட்டு என்று எழுதிவிட்டுப் பதினைந்தாம் நம்பருக்குப் போய்விட்டாள். எழவு வீட்டில் போய் டார்ச் அடித்து, டிரம்மைக் கவிழ்த்துவிடுங்கள், இந்தச் சொம்பில் எத்தனை நாள் தண்ணீர் என்று கேட்க வாய் வருமா. அவளுக்கு வராது. ஏன் வராது என்பதும் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் போன மூன்றாம் நாள், கரண்ட் மீட்டர் பார்த்து எழுத ஒருத்தர் வந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கு அது முறை நாள். "கார்டு எங்கம்மா இருக்கு?" மூலையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து போய் அலமாரியில் தேடினாள். கார்டு மேல்தட்டில் இருந்தது, அதன் மேல் வீட்டுக்காரருடைய கண்ணாடி இருந்தது, கண்ணாடியை எடுத்தால்தான் கார்டை எடுக்க முடியும். எடுத்தாள். நூற்று எண்பத்தாறு யூனிட் என்று வந்தவர் சத்தமாக வாசித்து எழுதிக் கொடுத்தார். அந்த எண் இன்றைக்கும் மறக்கவில்லை. துக்கத்துக்குள் எண்ணோடு யாரும் நுழையக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தாள். அடுத்த வருஷம் இந்த வேலை கிடைத்தது. எண்ணோடு நுழைகிற வேலை.

அடுத்த செவ்வாய் பத்தாம் நாள். அன்றைக்கும் சாமியானா, அன்றைக்கும் டிரம். கூட்டம் குறைந்திருந்தது, டிரம்மில் பாதித் தண்ணீர், மேலே மக் மிதந்தது, இரண்டு வேப்பிலையும் மிதந்தன. தெருவிலிருந்து நாலு எட்டு. நாலே எட்டு. அவள் கால் அந்த நாலு எட்டை வைக்கவில்லை. கை பூட்டு என்று எழுதியது. பதினாறாம் நாள் காரியம் திங்கட்கிழமை முடிந்தது, மறுநாள் அவள் போனபோது டிரம்மைக் கவிழ்த்துச் சுவர் ஓரம் சாய்த்திருந்தார்கள், காய்ந்துபோயிருந்தது, சைபர் போட்டாள். அது உண்மையான சைபர். ஆனால் டிரம்மின் உள்பக்கம், தண்ணீர் நின்ற கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, மிளகுத்தூள் தூவினாற்போல் கருப்பாக ஒட்டியிருந்ததை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். அது கொசு முட்டை என்று அவளுக்குத் தெரியாமலா. ஒன்பது நாள் கழித்து வியாழக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். அதற்கடுத்த செவ்வாய் பெரியாஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். அதுவும் அவள் முறை நாளாகவா இருக்க வேண்டும். தெருமுனையில் நுழையும்போதே சத்தம் கேட்டது. பதினாலாம் நம்பர் வாசலில் அதே சாமியானா, அதே நாற்காலி. டிரம் அதே இடத்துக்கு வந்து நிறைந்திருந்தது, கால் கழுவ. பக்கத்தில் யாரும் நின்று ஊற்றவில்லை. அவள் நின்றாள், எவ்வளவு நேரம் என்று மட்டும் கணக்கு இல்லை, பிறகு பார்த்தால் கை பாட்டுக்கு மூன்றாவது தடவையும் பூட்டு என்று எழுதியிருந்தது.

கதவு திறந்து முத்துச்செல்வி வெளியே வந்தாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் தொப்பென்று விழுந்தாள். "என்னடி கேட்டாங்க?" "என்னத்தைக்கா கேக்குறாங்க. ஒரு நாளைக்கு எத்தனை வீடு, எவ்வளவு நேரம், மருந்து வருதா, டார்ச்சுக்கு பேட்டரி குடுக்காங்களான்னு. கடைசியா அந்தம்மா கேட்டுச்சு, உங்க வேலையினால காய்ச்சல் குறைஞ்சிருக்குன்னு நினைக்கீங்களான்னு." "நீ என்ன சொன்ன?" "நான் இல்லாட்டி எட்டாம் வார்டே காலியாகியிருக்கும்னு சொன்னேன். சிரிச்சிருச்சு பாவம்." தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. முத்துச்செல்வி அவளை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்னக்கா பயம்? இந்த ஆபீஸ்ல நீங்க எண்ணாம விட்டது தனசேகர் சார் தலைமுடி மட்டுந்தான், அதுவும் இனி எண்ண ஒண்ணுமில்ல," என்றாள். பிறகு எழுந்து, கேனில் ஒரு தம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு மிச்சத்தை வாளியில் ஊற்றினாள். தண்ணீர் கலங்கியது. கலங்கினால் மேலே மிதக்கிற புழுவெல்லாம் கீழே போய்விடும், ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் மூச்சு வாங்க மேலே வரும். அவள் ஒரு நிமிஷம் காத்திருந்தாள். இங்கிருந்து தெரியவில்லை. கண் முன்போல் இல்லை.

காய்ச்சல் குறைந்ததா. எப்படிச் சொல்வது. பதினோரு வருஷத்தில் புழு இருந்த தண்ணீர் எவ்வளவு கவிழ்த்திருப்பாள் என்றால் அதைச் சொல்லிவிடலாம், ஒன்பதாயிரத்துச் சொச்சம், நோட்டைக் கூட்டினால் சொச்சமும் தெரியும். ஆனால் அதனால் எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வராமல் போனது என்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது. காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, கதவு நம்பர் உண்டு. வராத பிள்ளை பாட்டுக்குப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது, எதிரே வந்தால் இவளுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. ஒன்பதாயிரத்தில் ஒரு பிள்ளையாவது தப்பியிருக்குமா. இருக்கும். நூறு பிள்ளை கூடத் தப்பியிருக்கலாம். அந்த நூறையும் ஒரு தட்டில் வைத்தால் மறுதட்டில் லோகிதா நிற்கிறாள், மக்கைப் பிடித்துக்கொண்டு, உள்ள வரலையா என்று. அந்த டிரம்தான் என்று யார் கண்டார்கள். பள்ளிக்கூடத்தில் கடித்திருக்கலாம். மழைக்காலம், ஊர் முழுக்கக் கொசு. ஒரு கொசு எந்த டிரம்மில் பிறந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அப்படி நினைக்கும்போது நெஞ்சு கொஞ்சம் லேசாகும், லேசானதும் இருளப்பன் வந்து நின்றுகொள்வான். பதினாலாம் நம்பருக்கு நேர் எதிரே பஞ்சர் கடை வைத்திருந்தவன். முப்பத்திரண்டு பழைய டயர். மூன்று வருஷம் அவனை அரித்தெடுத்து ஒவ்வொரு டயரிலும் தண்ணீர் நிற்காமல் நாலு ஓட்டை போட வைத்தாள், "எக்கா, என் டயரை நீங்களே ஓட்டை போடச் சொன்னா நான் யாருக்குப் பஞ்சர் ஒட்ட?" என்று கேட்டுக்கொண்டே போட்டான். செவ்வாய் தவறாமல் முப்பத்திரண்டையும் தூக்கிப் பார்ப்பாள், சைபர், சைபர், சைபர். பிள்ளை போன மறுநாள் தெருவே திரண்டு அந்த டயர்களைச் சாக்கடையில் உருட்டிவிட்டது. அதற்கு மறுநாள் ஆபீசிலிருந்து கடைக்குச் சீல் வைத்தார்கள். மூன்று மாதம் ஆகிறது. சீல் வைத்த அன்றைக்கு அவன் இவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "எக்கா, உங்க நோட்டுல என் கடைக்கு என்ன எழுதியிருக்கீங்க? அத மட்டும் சொல்லுங்க." "சைபர்தான்யா." "அப்ப அவங்ககிட்ட சொல்லுங்களேன்." சொன்னாள். தனசேகர் சார் வருத்தமாகத்தான் சொன்னார்: "புஷ்பம்மா, எதிர்த்த வீட்டுல பிள்ளை செத்துருக்கு. நோட்டுல தெரு பூரா சைபரா இருக்கு. எங்கிருந்தோ வந்திருக்கணும்ல? டயரைத்தான் எல்லாரும் கண்ணால பாக்குறாங்க." தெரு பூரா சைபர். ஆமாம், அப்படித்தான் வரும். பூட்டிய வீட்டைக் கூட்டலில் சேர்க்க மாட்டார்கள், பார்த்த வீடுகளை மட்டும் வைத்துத்தான் கணக்கு, பூட்டு என்று எழுதிவிட்டால் அந்த வீடே தெருவில் இல்லை. அன்றைக்கே அதைச் சொல்லியிருக்கலாம். இருளப்பன் இப்போது பஸ் ஏறிப் போய் இன்னொருத்தர் கடையில் வேலை செய்கிறான். பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறான்.

சொல்லிவிடலாம் என்று நினைத்தால் வேலுத்தாய் முகம் வருகிறது. பிள்ளை போன ஆறாவது வாரம் அவளே கதவைத் திறந்து, "எல்லாத்தையும் பாருங்கக்கா," என்று கூட்டிப் போனாள். பிரிட்ஜை அவளே இழுத்துக் கொடுத்தாள், டார்ச்சை வாங்கி அவளே பிடித்தாள், பிள்ளையின் தண்ணீர் பாட்டிலைக்கூட மூடி திறந்து காட்டினாள். "எங்க வீட்டுல ஒண்ணும் இல்லல்லக்கா?" "இல்லம்மா." "அந்த டயர்க்காரன் நாசமாப் போவான்." அவளுக்கு வெறுக்க ஓர் ஆள் இருந்தான். எதிர்த்த கடையின் சீலைப் பார்த்துக்கொண்டு அவள் காலையில் எழுந்துகொள்கிறாள். டிரம் என்று இவள் வாய் திறந்தால் அந்த டிரம் அவள் வாசலுக்கே திரும்பி வரும். அதை நிரப்பியது யார், பதினாறு நாள் கொட்டாமல் வைத்திருந்தது யார், பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்தியது யார் என்று ஊர் பேசும். டிரம்மைப் பார்க்க வேண்டியது யார் வேலை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதை இவள்தான் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும். போகட்டும், ஐம்பத்தொன்பது வயது. நோட்டு போய்விடும், அதுதான். பஞ்சாயத்தில் வைத்தாலும் நிற்கிற நோட்டு. பதினோரு வருஷத்துச் சைபரும் ஒன்றும், ஒவ்வொன்றும் முதுகு வலிக்கக் குனிந்து பார்த்துப் போட்டது, அத்தனையும் பொய்யாகத் தெரியும். மூன்று மாதமாக அவள் பழைய நோட்டுகளை எடுத்து ஒவ்வொரு பூட்டிலும் விரல் வைத்து, இது பூட்டியிருந்ததா, நாம் பூட்டினோமா என்று நினைத்து நினைத்துப் பார்த்து, கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். எழவு வீடு இருபத்தாறு. குழந்தை பிறந்து தீட்டு என்று சொன்ன வீடு ஒன்பது. புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்த வீடு நாலு. ஆம்பளை மட்டும் சட்டையில்லாமல் படுத்திருந்த வீடு இரண்டு. ஆகமொத்தம் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா. கிட்டங்கித் தெரு இருபத்தேழில் ஒவ்வொரு முறையும் கணக்கு முட்டிக்கொண்டு நிற்கிறது. ஏழு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகி மூன்றாம் மாதம் பெண் திரும்பி வந்த வீடு. உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது, அது நினைவிருக்கிறது, வாசலில் வாடின கோலம் நினைவிருக்கிறது, கதவு மட்டும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா. கண்ணை மூடினால் கோலம் வரைக்கும் போகிறாள், நிமிர்ந்து பார்க்கப் பார்க்க அங்கே பதினாலாம் நம்பர் கதவு நிற்கிறது, விரியத் திறந்து.

"ஒன்பதாம் வார்டு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எழுந்தாள். ஒரு கால் மரத்துப்போயிருந்தது. அறைக்குப் போகும் வழியில்தான் கேன். அவள் தாண்டிப் போனாள், நின்றாள், திரும்பினாள். பத்துப் பேர் பார்த்தார்கள். பையிலிருந்து டார்ச்சை எடுத்து வாளிக்குள் அடித்துக் குனிந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து கீழே போயின, ஒரு பதினைந்தாவது இருக்கும். "எக்கா, இங்கேயுமா," என்று முத்துச்செல்வி பின்னால் சொன்னாள். வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வாசல் வெயிலில் மண்ணில் ஊற்றி, கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். கை ஈரம் காயவில்லை. கதவருகில் தயங்கினாள். "உள்ள வாங்கம்மா," என்றாள் டாக்டரம்மா.

எதிர்பார்த்ததைவிடச் சின்ன வயசு. மேசையில் ஒரு பெரிய தாள், அதில் ஒன்பதாம் வார்டின் கட்டங்கள். தனசேகர் சுவர் ஓரம் நின்றிருந்தார். டாக்டரம்மா பேனாவால் ஓர் இடத்தைத் தொட்டாள். "நாங்க பார்த்ததுலேயே சுத்தமான ரிக்கார்டு உங்களுதுதான்மா. ஒண்ணு மட்டும் புரியலை. அக்டோபர்ல வண்டிப்பேட்டைத் தெரு முழுக்க சைபர். அடுத்த மாசம் அங்க ஒரு குழந்தை இறந்திருக்கு. இது எப்படி?" "அந்த டயர்க்கடை மேடம், நான் சொன்னேனே," என்று தனசேகர் ஆரம்பித்தார். தங்கபுஷ்பம் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் திறக்காது. "டயர்ல இல்லம்மா. டயர்ல சைபர்னு போட்டது நெசம். பதினாலாம் நம்பர்ல பூட்டுன்னு எழுதியிருக்கும் பாருங்க, மூணு தடவ. அதுதான் நெசமில்ல." கண்ணாடிக்காரர் தாளில் தேடிவிட்டு, "பூட்டின வீடு கணக்குல வராதே," என்றார். "வராது சார். அதான்." டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "இதே மாதிரி வேற வீடும் இருக்காம்மா?" அவள் கட்டைவிரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தாள். ஈரக்கை பட்டு ஓரத்தில் இரண்டு கோடு கலைந்திருந்தது. "நாப்பத்தொண்ணு," என்றாள். "நாப்பத்திரெண்டா இருக்கலாம். ஒரு வீடு மட்டும் எனக்கே தெரியலை." அப்படி ஒரு வார்த்தையை இத்தனை வருஷத்தில் எந்த மேசைக்கு முன்னாலும் அவள் சொன்னதில்லை. தனசேகர் மெல்ல நாற்காலியை இழுத்து உட்கார்கிற சத்தம் கேட்டது. டாக்டரம்மா கோடுகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், புதிதாக ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். "எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

"வண்டிப்பேட்டைத் தெரு, பதினாலு," என்றாள் தங்கபுஷ்பம். "வாசல்ல ஒரு டிரம் இருந்துச்சு. அதைப் பாக்க வேண்டியது நான்தான், அந்த வீட்டுக்காரங்க இல்ல. அதையும் எழுதிக்கிடுங்க. கதவு திறந்துதான் இருந்துச்சு. பக்கத்துல ஒரு பிள்ளை நின்னுச்சு. உள்ள வரலையான்னு கேட்டுச்சு."